பூசினாற்போல் ஒரு முகம்

என் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகம் என்னுடையதில்லை. அது ஸ்டீராய்டு மாத்திரையின் முகம். வெள்ளைப் புடவையில், கன்னம் இரண்டும் உப்பி, தாடை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது, ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் "அப்பா பக்கத்துல இந்த ஆன்ட்டி யாரு?" என்று கேட்பாள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு மட்டும் அந்த முகத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. அதைக் கலையாமல் காப்பாற்ற நானும் என் நைனாவும் சேர்ந்து ஒரு பெரிய திருட்டுத்தனம் செய்தோம்.

நைனா என்றால் அப்பா. எங்கள் ஊர் திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் அவர் தோட்ட வேலை பார்த்தார். அவருடைய அப்பா காலம் வரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். "எங்கப்பன் நெல்லுக்குத் தண்ணி கட்டுனாரு, நான் புல்லுக்குத் தண்ணி வுடறேன். இன்னா காலம் பாத்தியா" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். நான் ஏழாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சமையல் இருவருக்கும் வராது. ஓட்டல் சமையல்கட்டில் மிஞ்சியது தூக்குச் சட்டியில் வரும். பெயர் தெரியாத குழம்பெல்லாம் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

எனக்கு இருபத்து மூன்று வயதில், திருப்போரூரில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த வருடம், மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து, சில நாள் பன்னிரண்டு தடவை. பாதிப் பாடத்தில் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடுவேன். பெத்த அப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்தும் அவரால் கேட்க முடியவில்லை. மாதா கோயிலில் கொடுத்த மாதக் காலண்டரை ஒருநாள் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அதில் நூல் கட்டி ஒரு துண்டுப் பென்சில் தொங்கவிட்டார். நான் போகும் தடவைக்கு ஒரு கோடு போட வேண்டும் என்று எனக்கும் புரிந்துவிட்டது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நேற்றைய கட்டத்தைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், சைக்கிளை எடுப்பார்.

எட்டு மாதம் அதை மூலம் என்றே நம்பினோம். ஊரில் எல்லோரும் வைத்தியர்கள்தானே! துத்திக் கீரை வதக்கித் தின்றேன். கருணைக்கிழங்கு லேகியம் தின்றேன். "உடம்பு சூடு" என்று இன்னொரு கட்சி சொன்னதால் நைனா ஓட்டல் மரத்து இளநீரைத் தினமும் கொண்டுவந்தார். எடை மட்டும் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். அன்றைக்குத்தான் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே வயிற்று நோய்ப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. குள்ளம், ஆனால் குரல் வராந்தா முழுக்கக் கேட்கும். மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதிக்க எழுதிக் கொடுத்துவிட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவும் நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் முழுக்க ஒரு மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடித்து வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டு மோட்டார் சரியாக அந்த வாரம் பார்த்துக் கெட்டுப்போனது. நைனா ஓட்டல் மேனேஜரிடம் கேட்டு, வேலையாட்கள் தங்கும் வரிசையின் கடைசியில் இருந்த அறையை வாங்கிக் கொடுத்தார். நடுவில் இரண்டு அறை காலியாக இருந்தும் கடல் ஓரம் இருந்த அந்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாராம்.

ஏன் என்று போன பிறகுதான் தெரிந்தது. அலைச் சத்தத்தில் உள்ளே நடக்கும் எந்தச் சத்தமும் வெளியே கேட்காது.

அன்று காலையிலிருந்து அந்த அறைக்குள்ளேயே இருந்தேன். உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி நாறும் அந்தத் தண்ணீரைக் குவளை குவளையாகக் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே, வெட்டத் தேவையே இல்லாத புல்லை நைனா நாள் முழுக்க வெட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே முதுகைத் திருப்பி நின்றபடியே "தெளிஞ்சுச்சா?" என்பார். "இன்னும் மஞ்சளா கீது நைனா" என்று நான் கத்துவேன். சாயங்காலம் "தண்ணியாட்டம் போவுது" என்று கத்தியபோது அவர் புல்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார். வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எதற்கென்று தெரியாமலே சேர்ந்து கைதட்டியது. எட்டு மாதத்தில் அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

குழாயில் பார்த்தபோது பெருங்குடலின் கீழ்ப்பாதி முழுக்கப் புண். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். குடல் காசநோயும் இதே வேஷம் போடும், சீதபேதிக் கிருமியும் போடும், அவை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெயர் சொல்வேன் என்றார் டாக்டரம்மா. இரண்டு வாரம் கழித்துச் சொன்னார். பெருங்குடல் அழற்சி நோய். உடம்புக்குக் காவல் இருக்கிற படையே திருடன் என்று நினைத்து வீட்டுக்காரனை அடிக்கிற சங்கதி.

"யாரு மேடம் ஏவி வுட்டது?" என்றார் நைனா.

"யாரும் ஏவலைங்க. கொஞ்சம் பரம்பரை, கொஞ்சம் குடல்ல இருக்கிற கிருமி, கொஞ்சம் நாம வாழற சுற்றுப்புறம். ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலைன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

நைனா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆத்தா இல்லாத பொண்ணு மேடம். ஓட்டல்ல மிஞ்சின சோத்தப் போட்டுத்தான் வளத்தேன். அதனாலயா?"

எத்தனை மாதமாக அந்தக் கேள்வியை அவர் வயிற்றில் வைத்திருந்தாரோ தெரியாது. டாக்டரம்மாவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "நீங்க போட்ட சோத்தால வரலை. அதை இன்னையோட விட்டுடுங்க" என்றார். வெளியே வந்ததும் நைனா குழாயடியில் முகத்தை ரொம்ப நேரம் கழுவினார்.

மருந்து இரண்டு விதம். மெசலமின் என்று ஒன்று, புளியங்கொட்டை அளவுக்கு இருக்கும். அது குடலோடு கூடவே இருந்து புண்ணை ஆற்றும், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். இன்னொன்று ஸ்டீராய்டு. "இது தீயணைப்பு வண்டி. எரியறப்ப வரணும், அணைஞ்சதும் போயிடணும். வாசல்லயே நிறுத்தி வைக்கக் கூடாது" என்றார். நாற்பது மில்லிகிராமில் தொடங்கி வாராவாரம் ஐந்தைந்தாகக் குறைக்க வேண்டும். நானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, நானாகக் கூட்டவும் கூடாது.

பத்து நாளில் ரத்தம் நின்றது. காலண்டரில் கோடு இரண்டுக்கு இறங்கியது. அதோடு ஒரு பேய்ப் பசி வந்தது. ஐந்தாவது வாரம் கண்ணாடியில் வேறு ஒருத்தி நின்றாள். உருண்டை முகம், பளபளவென்ற கன்னம். எனக்கு அழுகை வந்தது. ஊருக்கோ ஒரே கொண்டாட்டம். "இன்னாம்மா, இப்பத்தான் நல்லா பூசினாப்ல கீற" என்று கோயில் வாசலில் கன்னத்தைக் கிள்ளாதவர்கள் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தபோது ஒரு ஜாதகமும் தேடி வராத பெண்ணுக்கு, அதே மாதம் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பையனுக்கு ஏசி மெக்கானிக் வேலை. அவருடைய அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "மூக்கும் முழியுமா, நெறஞ்ச மூஞ்சி" என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டாள். மாத்திரைக்குக் கிடைத்த சர்டிபிகேட்!

நோயைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை. சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நைனா கையெடுத்துக் கும்பிட்டார்.

நடுவில் கல்யாணம் வைக்கக் கூடாத நாற்பது நாள் தவக்காலம் வந்ததால் கல்யாணம் ஈஸ்டர் கழித்து என்று முடிவானது. தவக்காலத்தோடு என் மாத்திரையும் குறைந்து, நின்றது. முகமும் மெல்ல வடிய ஆரம்பித்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று எங்கள் ஊருக்கு வந்த அந்த அத்தை என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இன்னாடி இது, பாதியா பூட்ட? ஒடம்புக்கு எதனா கீதா?" என்றாள். அன்று நைனா சாப்பிடவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். பழைய சீட்டைக் காட்டி ஏதோ ஒரு மருந்துக் கடையில் வாங்கியிருந்தார். "கண்ணாலம் முடியற வரைக்கும்தான்" என்றார்.

அவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். எனக்கும் அந்த முகம் வேண்டியிருந்தது. தினமும் முப்பது மில்லிகிராம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவர் தண்ணீர் கொடுப்பார், நான் விழுங்குவேன். கன்னம் திரும்பி வந்தது. கூடவே தூக்கம் போனது, கை நடுங்கியது, தாகம் அடங்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண் ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடியும். முதல் ஓலை வாசித்தபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். இரண்டாவதற்கு ஆண்கள் பக்கம் திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். தடை என்பது எனக்குள்ளே ஒன்றரை அடி நீளத்துக்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓலைக்கு அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி முறை. டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டீராய்டு நிறுத்தி ஆறு வாரம் ஆச்சு. இந்த முகம் எப்படி வந்துச்சு?" சர்க்கரை பார்க்கச் சொன்னார். ஏகத்துக்கு ஏறியிருந்தது. நைனா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி திட்டு விழுந்தது. "இது மூஞ்சிக்குப் பூசற பவுடர்னு நினைச்சீங்களா? எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், கிருமி வந்தா உடம்பு தாங்காது." இனி மறுபடியும் படிப்படியாகத்தான் இறக்க முடியும் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "கல்யாணம் பண்ணிக்கோ, பிள்ளையும் பெத்துக்கோ. நோய் அடங்கி இருக்கிற காலமாப் பார்த்துப் பெத்துக்கணும், அவ்வளவுதான். ஆனா கட்டிக்கப் போறவருக்கு இது தெரியணும். நான் சொல்ல மாட்டேன், அது உன் விஷயம்" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் நைனா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "சொல்ல வேணாம்மா."

சனிக்கிழமை, சிநேகிதி வீட்டுக்கு என்று பொய் சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு ஜங்ஷனுக்குப் போனேன். மாப்பிள்ளையை அங்கே வரச் சொல்லியிருந்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் கையில் கிரீஸ் கறையோடு வந்து இறங்கினார். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி ஃபைலைக் கொடுத்தேன். எல்லாம் சொன்னேன். ரத்தம், பன்னிரண்டு தடவை, மாத்திரை, முகம். என் பழைய காலேஜ் அடையாள அட்டையையும் காட்டினேன். அதில் இருந்த ஒட்டிய முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒட்டுவாரொட்டியா?"

"இல்ல."

"கொழந்த?"

"பொறக்குமாம்."

ஃபைலை மூடி என் மடியில் வைத்தார். பிறகு, "எங்க வூட்ல பாத்ரூம் ஒண்ணுதான் கீது. அஞ்சு பேரு நாங்க" என்றார். அதற்குள் தாம்பரம் பக்கம் போகும் வண்டி வந்துவிட்டது. எழுந்து போய் ஏறிக்கொண்டார். பாத்ரூமைச் சாக்கு வைத்துக் கழற்றிவிட்டான் பாவி என்று நினைத்தேன். நான் போகவேண்டிய பஸ் இரண்டு போன பிறகும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மூன்றாவது ஓலை. நைனாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன் வரிசையில் நின்றார். சாமியார் வாசித்து, தடை ஏதும் இருந்தால் என்று முடித்து, அடுத்த அறிவிப்புக்குத் தாளைப் புரட்டினார்.

"சாமி, ஒரு தடை கீது."

நைனாவின் குரல். அதெல்லாம் பூசை முடிந்து தனியாகப் போய்ச் சொல்கிற விஷயம். நடுப் பூசையில் யாரும் எழுந்து சொன்னதாக எங்கள் ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. சாமியாரே திகைத்து, "அய்யா, பூசை முடிஞ்சு வந்து சொல்லுங்களேன்" என்றார்.

"அப்பால எனக்குத் தைரியம் இருக்காது சாமி" என்றார் நைனா. "எம் பொண்ணுக்குப் பெருங்கொடல்ல புண்ணு. ரத்தமா போய்கினு இருந்துச்சு. இப்ப மருந்துல கீது. மூஞ்சி கூட மாத்திரையாலதான் அப்படி. மாப்ள வூட்டுக்கு எதுவும் தெரியாது. மறைச்சது நானு, அது இல்ல."

பெண்கள் பக்கம் அத்தனை தலையும் என்னை நோக்கித் திரும்பியது. அப்போது வாசல் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது.

"எனக்குத் தெரியும் மாமா. நேத்தே அது சொல்லிச்சு."

தன் ஊர் ஓலையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கால்சட்டையெல்லாம் சிமெண்ட் தூசு. "எங்க வூட்ல ஒரு பாத்ரூம்தான் கீது. இன்னொண்ணு கட்டணும்னு காலைலயே கொத்தனாரக் கூப்ட்டு எடம் காட்டி, சிமெண்ட் மூட்ட எறக்கிட்டு வரேன். அதான் லேட்டு. நீங்க உக்காருங்க."

சாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கோயிலே சிரித்தது. நைனா உட்காரவில்லை, நின்றபடியே அழுதார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்! என் குடலை உருவி ஊர் முன்னால் மாலையாகப் போட்டுவிட்டாரே என்று நாலு நாள் நைனாவோடு பேசவில்லை. அதற்கப்புறம் ஊரில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் "சாப்டியா" என்று கேட்பதை விட்டுவிட்டு "வயிறு எப்டி கீது?" என்று கேட்டார்கள். ஐந்தாம் நாள் அதற்கும் பழகிவிட்டேன். ஸ்டீராய்டை மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டியிருந்ததால் கல்யாணத்தன்று முகம் நைனா ஆசைப்பட்டபடியே நிறைந்து இருந்தது.

ஊரப்பாக்கத்துக்கு வந்த பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு நைனாவிடமிருந்து போன் வரும். பின்னால் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம், அதற்குப் பின்னால் கடல். காலண்டர் இல்லாததால் இப்போது வாயாலேயே கேட்டார். ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது. "எத்தினி?" நான் "ரெண்டு" என்பேன், வைத்துவிடுவார். மகள் பிறந்த பிறகு நோய் ஒருமுறை திரும்பியது. "ஏழு" என்று சொன்ன அன்று பத்து மணிக்கெல்லாம் என் வாசலில் இளநீரோடு நின்றார். அப்போது இன்னொரு மருந்தும் சேர்ந்தது. காவல் படையையே கொஞ்சம் தூங்க வைக்கிற மருந்து, அதற்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். அத்தனைக்கும் கூடவே வந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் அவரும் நானும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த காலைகள் என் வாழ்க்கையின் நல்ல காலைகள். (கடலை அவருக்கு முக்கால், எனக்கு வயிற்றுக்கு ஆகாது என்று கால்.) அந்த நாட்கள் திரும்ப வருமென்றால் நோயும் சேர்ந்தே வந்துவிட்டுப் போகட்டும் என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. அதே பெரிய ஆஸ்பத்திரியில், முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு படுத்திருந்தார். நான் போய்க் குனிந்தபோது மூடியை விரலால் கொஞ்சம் தள்ளினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காதை வைத்தேன்.

"எத்தினி?"

"ஒண்ணுதான் நைனா" என்றேன்.

ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, சரிதானே என்பது போலப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று காலையிலிருந்து ஐந்து தடவை போயிருந்தேன்.